துண்டு போர்த்திய திரை

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று இதோடு முப்பத்தொரு முறை சொல்லிவிட்டாள். பதிவு செய்து வைத்த குரல். ‘மிகவும்’ வரும்போது ஒரு சின்னச் சிரிப்பைச் சேர்க்கிறாள். முப்பத்தொரு முறையும் அதே சிரிப்பு, அதே இடம், அதே அளவு. அடுத்தது புல்லாங்குழல். கொஞ்ச நேரம் ஊதிவிட்டு, ஊதுகிறவன் கழுத்தை யாரோ பிடித்தது போல நின்று, திரும்பவும் அவள். ரிசீவர் காதில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வலது காதுக்கு மாற்றினேன். இப்போது இரண்டு காதும் பிசுபிசுப்பு. கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவிப் பார்க்கிறேன். பத்தரைக்கு ஆரம்பித்தது, பதினொன்று தாண்டிவிட்டது. சனிக்கிழமை. இனிப்பின் நாற்றம் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் சர்க்கரை ஆலையில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவன் நான். சர்க்கரை ஆலை என்றால் எப்போதும் மணக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கழிவுப்பாகு தொட்டியைத் திறக்கும் நாளில் வந்து நின்று பார்க்க வேண்டும். தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் படிந்து, சோற்றில் ஏறி, சட்டையில் ஏறி, தலையணை வரைக்கும் வரும் ஒரு தித்திப்பு. கெட்டுப்போன தித்திப்பு. இவள் குரலில் அதுதான் வருகிறது. இந்தா, முப்பத்திரண்டு.

போர்டில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, நானே வைத்துக்கொண்டது. யாரையும் முப்பது விநாடிக்கு மேல் சும்மா காத்திருக்க விடக்கூடாது. கரும்பு இறக்க வந்து நான்கு நாளாக வண்டியோடு ரோட்டில் கிடக்கிற விவசாயி கூப்பிட்டாலும் சரி, சேர்மன் கூப்பிட்டாலும் சரி, முப்பது விநாடிக்கு ஒருமுறை லைனுக்குள் போய், “இருக்கீங்களா? லைன் இன்னும் கிடைக்கலை. வச்சிடாதீங்க” என்று சொல்லிவிட்டு வருவேன். இருக்கீங்களா. அவ்வளவுதான். இருக்கேன் சார் என்பார்கள். கண் தெரியாதவனுக்கு மௌனம் என்றால் என்னவென்று தெரியும் என்பதால் செய்தேனோ என்னவோ. மௌனத்தில் ஆள் இருக்கிறானா, எழுந்து போய்விட்டானா, முகத்துக்கு நேரே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறானா என்று எங்களுக்குத் தெரியாது. முப்பத்து மூன்று. இவர்களுக்கும் தெரியும். இவர்கள் விற்கும் மென்பொருளே எங்களுக்கானதுதான். செவிநூல். கணினியின் திரையில் இருப்பதையெல்லாம் தமிழில் படித்துச் சொல்லும். பதினோரு வருடமாக என் வீட்டில் படித்துக்கொண்டிருந்தது. இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு நின்றுவிட்டது.

“என்னங்க, இன்னுமா புல்லாங்குழல்?” சமையலறையிலிருந்து லூர்து. என் மனைவி. பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள், தோல் கிழியும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. “சுருதியே சேரலை அவனுக்கு. அரை மணி நேரமா எப்படித்தான் கேக்குறீங்க?” அவளுக்கும் என்னைப் போலக் கண் தெரியாது. பார்வையற்றோர் பள்ளியில் பாட்டு டீச்சர், அவளுக்கு அதுதான் முதலில் படும். “நடுவுல ஒரு பொண்ணு பேசுறாளே, அவளுக்காகத்தான?” என்கிறாள். ஆமா, முகூர்த்தம் பாத்துக்கிட்டு இருக்கேன் என்றேன். சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். பூண்டுத் தோல் திரும்பவும் கிழிந்தது. என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு பூண்டு உரிக்கிறாள். நாங்கள் இரண்டு பேர், ஒரு மாதத்துக்கு ஆகும் இது. காலையில் செவிநூல் பாதியில் விட்ட ரிப்போர்ட் அவளுடையது. இடது மார்பில் ஒரு கட்டி. போன வாரம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவை மெயிலில் அனுப்புகிறோம், திங்கட்கிழமை டாக்டரை வந்து பாருங்கள் என்றார்கள். லேபுக்கு போன் செய்தால், போனில் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். காலையில் மெயில் வந்தது. லூர்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்பைத் திறந்தேன். செவிநூல் படித்தது. மருத்துவமனையின் பெயர். லூர்துமேரி. வயது ஐம்பத்து மூன்று. பெண். மாதிரி எடுத்த இடம், இடது மார்பு. அங்கே டிங் என்று ஒரு மணி. புதிய பதிப்பு தயார் என்று ஆரம்பித்தது. நான் என்டரைத் தட்டினேன்.

தட்டியது என் விரல். நான் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். எங்கள் ஆட்கள் செவிநூலைச் சாதாரண வேகத்தில் கேட்பதில்லை. நான்கு மடங்கு வேகம். பக்கத்தில் நிற்கும் கண்ணுள்ளவனுக்கு அது தகர டப்பாவில் வண்டு பறப்பது போல இருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். அந்த வேகத்துக்குப் பழகிவிட்டால் முழு வாக்கியமும் தேவையில்லை. மணி அடிக்கும், இரண்டு சொல் வரும், மூன்றாவது சொல்லுக்கு முன்னால் விரல் போய்விடும். பதினோரு வருடத்தில் இந்தப் ‘புதிய பதிப்பு தயார்’ நூறு முறையாவது வந்திருக்கும். நூறு முறையும் தட்டியிருக்கிறேன். தட்டினால் அது இரண்டு நிமிடம் வாயை மூடி, திரும்பவும் பேச ஆரம்பிக்கும். அப்படித்தான் பழக்கினார்கள். இந்த முறை வாயை மூடியது, மூடியதுதான். அரை மணி நேரம் காத்திருந்தோம். கணினியின் விசிறி மட்டும் சுற்றியது. பிறகு போன் செய்தேன். பழைய கணினிகளுக்கான எங்கள் ஆதரவு முதல் தேதியுடன் நிறுத்தப்பட்டுள்ளது, இது குறித்துப் பேச எண் மூன்றை அழுத்தவும் என்றாள், ‘ஆதரவு’ என்ற சொல்லில் அதே சிரிப்போடு. நிறுத்தப்பட்டுள்ளது. யார் நிறுத்தினார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. மழை நின்றது போலச் சொல்கிறாள். நாற்பது.

எதிரே திரை கொதிக்கிறது. அதன் சூடு கன்னத்தில் படுகிறது. அந்தத் திரை எங்களுக்காக வாங்கியது இல்லை. ரிப்பேர் பார்க்க வருகிறவனுக்குக் கண் இருக்குமே, அவனுக்காக வாங்கியது. இப்போது அதில் லூர்துவின் ரிப்போர்ட் திறந்து கிடக்கிறது. பெரிய எழுத்தில், வெளிச்சம் போட்டு, வீட்டின் நடுக்கூடத்தில். கண் இருக்கிற எவனும் வாசலில் நின்றே படித்துவிடலாம். நானும் அவளும் மட்டும்தான் படிக்க முடியாது. போன் செய்வதற்கு முன்பே இது தோன்றியது. அணைக்கலாம், எந்தப் பொத்தான் என்று தெரியும். ஆனால் ஒரு தட்டில் இவ்வளவும் போனபிறகு வாய் பேசாத அந்தப் பெட்டியில் இன்னொரு பொத்தானைத் தொட விரல் வரவில்லை. கொடியிலிருந்து குளியல் துண்டை எடுத்து வந்து திரைமேல் போர்த்தினேன். நான்கு மூலையையும் இழுத்துவிட்டேன். பின்னால் ஒரு முனை தொங்கியது, அதையும் செருகினேன். லூர்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவில் மாடி வீட்டு சுந்தரேசன் வந்தார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், வராந்தா திரும்பும்போதே தெரியும். “என்ன இன்னாசி சார், கம்ப்யூட்டருக்கு ஜுரமா? போத்திவிட்டிருக்கீங்க?” நல்ல மனுஷர். கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. “பேச்சு நின்னு போச்சு சார், கம்பெனிக்கு போன் போட்டிருக்கேன்” என்றேன். “அட, எதாச்சும் படிக்கணும்னா நான் படிச்சுட்டுப் போறேனே. ஒரு நிமிஷ வேலை.” செருப்பு இரண்டு தேய்ப்பு உள்ளே வந்தது. துண்டை எடுத்தால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சமையலறையில் பூண்டுச் சத்தம் நின்றது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. சுந்தரேசன் படிப்பார், ஆனால் அவர் படிப்பதில்லை, பார்த்துவிட்டுச் சொல்வார். நான்கு பக்கக் கடிதத்தை வாங்கி மூக்கால் இரண்டு முறை மூச்சு விடுவார், “ஒண்ணுமில்ல சார், வழக்கமானதுதான்” என்பார். எனக்கு எது ஒன்றுமில்லை என்பதை அவர் தீர்மானிப்பார். “வேணாம் சார். ஒண்ணும் அவசரமில்லை” என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. செருப்பு தேய்ந்துகொண்டு வெளியே போனது. பூண்டுச் சத்தம் திரும்ப ஆரம்பித்தது.

திண்டுக்கல்லில் லூர்துவின் அப்பா செத்தபோது தந்தி வந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம். அப்போது வாடகை வீடு, வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். “மாமாவுக்கு உடம்பு கொஞ்சம் சொகமில்லையாம், சௌகரியப்பட்டா வரச் சொல்றாங்க.” சௌகரியப்பட்டு அடுத்த நாள் மத்தியானம் கிளம்பினோம். லூர்து அவருக்காக ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டாள். போய் இறங்கியபோது கல்லறையில் மண் மூடி முடித்து, ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தந்தியில் ஒரே ஒரு செய்திதான் இருந்ததாம், இறந்துவிட்டார், உடனே வா. திரும்பி வந்து கேட்டதற்கு வீட்டுக்காரர் சொன்னார், நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான். பரிவோடு சொன்னார். அந்தப் பரிவு இன்னும் என் நாக்கின் அடியில் படிந்து கிடக்கிறது, பாகு போல. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை லூர்து திறக்கவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் கடிதத்தை இன்னொருவர் கண் படிக்கக்கூடாது. முடிந்த வரைக்கும் பிரெயிலில் வரவழைத்தோம், முடியாததை மூடியே வைத்தோம். பிறகு செவிநூல் வந்தது. அது எதையும் மறைக்கவில்லை. பரிவு காட்டவில்லை. மின்கட்டண பாக்கியையும் மரணத்தையும் ஒரே குரலில் படித்தது. அந்தக் குரலைப் போல நாங்கள் எந்த மனிதரையும் நம்பியதில்லை.

அதற்கு முதலில் தமிழே சரியாக வராது. சிறுநீரகம் என்று இருந்தால் சிறு, நீர், அகம் என்று மூன்றாக வெட்டிப் படிக்கும். லூர்து விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் உட்கார்ந்து பிழைகளை எழுதி அனுப்பினேன். முதல் வருடமே நானூற்றுச் சொச்சம். எந்தச் சொல், எங்கே வெட்டுகிறது, எப்படி வர வேண்டும். திருத்தி அனுப்புவார்கள், திரும்பக் கேட்பேன், திரும்ப எழுதுவேன். சோதித்துப் பார்க்கும் ஆட்களின் பட்டியலில் என்னையும் சேர்த்தார்கள். அவர்கள் அங்கிருந்தே என் கணினிக்குள் வந்து பார்க்க ஒரு வழி வேண்டும் என்றார்கள், திறந்துவைத்தேன். ‘இன்னாசி ஐயா, நீங்கள் செவிநூல் குடும்பத்தில் ஒருவர்’ என்று கடிதம் வந்தது. அதைச் செவிநூலே படித்தது, குடும்பம் என்ற சொல்லைச் சரியாக. நான் திருத்திக் கொடுத்த சொல் அது. லூர்துவுக்கு அதை இரண்டு முறை படிக்கவைத்துக் காட்டினேன். வெட்கமாக இருக்கிறது. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் அந்தப் பாகை அப்பியது போல இருக்கிறது, கழுவினாலும் போகாது. நாற்பத்து ஒன்பது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக

“வணக்கம், செவிநூல் குடும்பத்திற்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம், நான் மோனிஷா பேசறேன், சொல்லுங்க சார்.” நிஜமான ஆள். சின்னப் பெண். பின்னால் பத்துப் பதினைந்து பேர் இதையே பேசும் இரைச்சல். ஆனால் குரல் அந்தப் பதிவுக் குரலின் தங்கை. சொன்னேன். எல்லாம் சொன்னேன், ரிப்போர்ட்டைத் தவிர. “உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்தறோம் சார். உங்க சிஸ்டம் பழசு சார். புது பதிப்பு அதுல ஓடாது.” பழைய பதிப்பையே திருப்பிக் கொடுங்கள் என்றேன். “அது ரிமூவ் ஆயிடுச்சு சார். அதுக்கு இப்ப சப்போர்ட் இல்லை. ‘புதிய பதிப்பு தயார். உங்கள் கணினியில் இது இயங்காது. தொடர்ந்தால் பழைய பதிப்பு நீக்கப்படும்’னு கிளியரா போட்டிருந்தோமே சார். நீங்க ஓகே குடுத்திருக்கீங்க.” மூன்றாவது வாக்கியத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் விரல் முதல் வாக்கியத்திலேயே போய்விடும் என்று தெரிந்தவர்கள். தெரியாமல் செய்தார்களா, தெரிந்து செய்தார்களா, எது அதிகம் அருவருப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், “பக்கத்துல கண்ணு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்? அவங்ககிட்ட கொஞ்சம் போனைக் குடுங்களேன்.”

“ஏம்மா,” என்றேன், “நீங்க யாருக்கு இதை விக்கிறீங்க?” “புரியல சார்.” “கண்ணு தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா நான் எதுக்கும்மா உங்களைத் தேடி வரணும்?” “உங்க ஃபீலிங் எனக்குப் புரியுது சார்,” என்றாள், அது ஒரு தாளில் எழுதியிருக்கும், எந்த வரிக்குப் பின் எந்த வரி என்று. “மேடம் யாராச்சும் இருக்காங்களா வீட்ல?” இருக்காங்க, அவங்களுக்கும் தெரியாது. “ஓ. ஓகே சார்.” தாளில் அதற்கு வரி இல்லை போல. விசைப்பலகை தட்டும் சத்தம். “சார், உங்க பேரு டெஸ்டர் லிஸ்ட்ல இருக்கே! அப்ப ஈஸி சார், நானே உள்ள வந்துடறேன். பழைய ஃபைல் ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னு பாக்கறேன். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.” செவிநூல் செத்துவிட்டது, அவர்கள் உள்ளே வர நான் திறந்துவைத்த வழி மட்டும் சாகவில்லை. அதற்கு ஆதரவு நிறுத்தப்படவில்லை. ஆனாலும் மார்புக்குள் ஏதோ கொஞ்சம் தளர்ந்தது. மிச்சம் இருக்கலாம். இன்னும் ஐந்து நிமிடத்தில் அது திரும்பவும் பேசலாம். விட்ட இடத்திலிருந்து, இடது மார்பிலிருந்து, வண்டு பறப்பது போல. லூர்துவைக் கூப்பிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம். கணினிக்குள் வட்டு சுழலும் சத்தம் கேட்டது. “ஸ்கிரீன் தெரியுது சார்” என்றாள் மோனிஷா.

தெரியாதும்மா, துண்டு போட்டிருக்கேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். துண்டு இருக்கிறது. நான்கு மூலையும் இருக்கிறது. செருகிய முனையும் இருக்கிறது. சூடு ஏறிய ஈரத் துண்டின் நாற்றம். முட்டாள். இந்த அறையின் கண்களுக்குத்தான் துண்டு. அவள் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். “ஒரு நிமிஷம், அங்கே ஒண்ணு திறந்திருக்கும், அதை” என்று ஆரம்பித்தேன், ஆனால் அந்தப் பக்கம் விசைப்பலகை நின்றுவிட்டது. புல்லாங்குழல் இல்லை. பின்னணி இரைச்சல் மட்டும். ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணினேன், கூடாதென்று நினைத்தும் எண்ணினேன். ஏழு. எட்டு. கண்ணுள்ளவர்கள் படிக்கும்போது மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். பதினொன்று. “சார்,” என்றாள். தங்கைக் குரல் இல்லை அது. சிரிப்பு இல்லை, தாள் இல்லை. இந்த ஒரு மணி நேரத்தில் முதன்முதலாக ஒரு மனுஷி பேசினாள். “சார்… நீங்க சாப்பிட்டீங்களா?”

ஆலையில் பாய்லர் வெடித்த அன்று இரண்டு பேர் போனார்கள். மானேஜர் என்னிடம் இரண்டு வீட்டு எண்களைக் கொடுத்து லைன் போடச் சொன்னார். இணைப்பு சரியாக விழுந்ததா என்று தெரிய முதல் வாக்கியத்தை நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும், பிறகு விலகிவிடுவோம். மானேஜர் தொழிலாளியை ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர். அன்று இரண்டு பெண்களிடமும் முதல் வாக்கியம் ஒன்றேதான். அம்மா, சாப்பிட்டீங்களா? இரண்டு பெண்களும் இன்னும் இல்லைங்க என்றார்கள். விலகிவிட்டேன். வீட்டுக்கு வந்து லூர்துவிடம் சொன்னேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி கிடையாது. பசிக்குதா என்று கேட்போம், சோறு போடவா என்று கேட்போம். விருந்தாளி யாராவது கேட்டால்கூட லூர்து சட்டென்று பேச்சை மாற்றிவிடுவாள்.

“படிச்சிட்டீங்களா?” என்று கேட்டேன். “திறந்திருந்துச்சு சார். வேணும்னு பாக்கலை. நான்… க்ளோஸ் பண்ணிடறேன். சாரி சார்.” வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். “நான் வேணா படிச்சுச் சொல்லட்டுமா? மெதுவா…” மெதுவா என்றாளே, அதுதான் அந்தப் பரிவு. “வேணாம்மா,” என்று ரிசீவரை வைத்தேன். காதில் காற்று பட்டது. சமையலறையில் பூண்டு நின்றிருந்தது. எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை. “ஏங்க,” என்றாள் லூர்து. “சரி பண்ணிட்டாங்களா?” நாக்கு தானாக எழுந்தது. ஒண்ணுமில்ல லூர்து. அந்தச் சொல் வாய்க்குள் தயாராக, வழவழவென்று, தித்திப்பாக வந்து நின்றது. மிஷின் பழசாம், திங்கக்கிழமை டாக்டரே சொல்லிடுவார், சௌகரியப்பட்டா போவோம். வீட்டுக்காரரின் பரிவு, சுந்தரேசனின் மூக்கு மூச்சு, நாற்பத்தொன்பது முறை கேட்ட சிரிப்பு, எல்லாம் சேர்ந்து என் வாயிலேயே ஊறுகிறது. துப்ப இடம் தேடினேன். விழுங்கவும் முடியவில்லை. எத்தனை விநாடி போயிருக்கும். இருபது. இருபத்தைந்து. காலடி சமையலறையைத் தாண்டி வந்தது. பூண்டு வாசம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. காலையில் பிடித்த அதே இடத்தில் கை பிடித்தது.

“இருக்கீங்களா?” என்றாள்.

“இருக்கேன்.” எச்சிலை விழுங்கினேன். “அந்தப் பொண்ணு உள்ள வந்து பாத்துச்சு. உன் ரிப்போர்ட்டை நமக்கு முன்னாடி படிச்சிருச்சு.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. நான் படிக்க விடலை.” நாற்காலி முதுகில் அவள் விரல்கள் இறுகுவது என் தோளில் தெரிந்தது. இதோடு நிறுத்தலாம். இதுவரைக்கும் சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் நிறுத்தினால், பார்த்துவிட்டுச் சொல்கிறவன் ஆகிவிடுவேன்.

“படிச்சதும், சாப்பிட்டீங்களான்னு கேட்டா, லூர்து.”